ஐம்பத்திரண்டாவது இலை

2015 ஜூன் 26, வெள்ளிக்கிழமை காலை. பெங்களூருவின் சில்க் போர்டு சிக்னலில் பாதி நகரம் வழக்கம்போல அலுவலகம் போகாமல் நின்றுகொண்டிருந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் அப்போது முந்தைய நாள் இரவு இன்னும் முடியவில்லை. பார்க்லேஸ் சென்டர் மேடையில் என்பிஏவின் துணை ஆணையர் மார்க் டேட்டம், டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52-ஆவது ஆளாக சத்நாம் சிங் பமாராவை எடுத்திருக்கிறது என்று ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். ஆணையர் ஆடம் சில்வர் முதல் சுற்றோடு கை கொடுத்து முடித்துவிட்டுப் போயிருந்தார். இரண்டாம் சுற்றுக்குத் துணை போதும் என்பது அங்கே மரபு.

இங்கே அடுத்த அரை மணி நேரத்தில் கூடைப்பந்து நிபுணர்களின் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. கூடைப்பந்து என்றால் கான்வென்ட் பள்ளிப் பெண்கள் ஆடுவது என்று அதுவரை நம்பியிருந்த மாமாக்கள், டல்லாஸுக்கு ஒரு நல்ல சென்டர் எவ்வளவு அவசியம் என்று விளக்க ஆரம்பித்தார்கள். தொலைக்காட்சிகள் உலக வரைபடத்தில் டெக்சாஸைத் தேடிப் பிடித்தன. என்பிஏ டிராஃப்டில் எடுக்கப்பட்ட, இந்தியாவில் பிறந்த முதல் ஆள்! 'இந்தியாவில் பிறந்த' என்ற அடைமொழி முக்கியம். ஏனென்றால் இரண்டு மாதம் முன்புதான், ஏப்ரலில், சிம் புல்லர் என்ற ஏழடி ஐந்தங்குலக்காரர் என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் என்று நாம் ஒரு தடவை கொண்டாடி முடித்திருந்தோம். அவர் டொராண்டோவில் பிறந்தவர். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவேயின் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்காக மூன்று ஆட்டம், எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்போல ஆடிவிட்டு வரலாற்றுக்குள் போய்விட்டார். வரலாற்றுக்குள் நுழைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது; உள்ளே போய் என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை.

டிராஃப்ட் என்றால் என்ன என்று அந்த மாமாக்களுக்கு யாரும் சொல்லவில்லை. அணிகள் புது ஆட்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் அது ஒரு கல்யாணப் பந்தி. மொத்தம் 60 இலை. முப்பது முப்பதாக இரண்டு பந்தி. முதல் பந்தியில் உட்கார்ந்தவனுக்குச் சம்பளம் உறுதி. எந்த இலைக்கு எவ்வளவு என்று அட்டவணையே உண்டு. இரண்டாம் பந்தியில் இலை மட்டும் போடுவார்கள், தண்ணீரும் தெளிப்பார்கள். சோறு வருமா என்பது பரிமாறுகிறவர் மனசு. வேறு மண்டபத்துக்கும் எழுந்து போக முடியாது, ஏனென்றால் உங்களோடு பேரம் பேசும் உரிமை இந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான். 'பந்திக்கு முந்து' என்று நம் ஆட்கள் சும்மா சொல்லிவைக்கவில்லை. 52-ஆவது இலை என்பது பாயசம் தீர்ந்து, அப்பளம் நொறுங்கி, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இலை.

ஆனாலும் அந்த இடத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி 1999-ல் 57-ஆவது. பின்னாளில் சான் அன்டோனியோவோடு நான்கு பட்டம். ஸ்பெயினின் மார்க் கசோல் 2007-ல் 48-ஆவது. ஐசையா தாமஸ் 2011-ல் 60-ஆவது, அதாவது கடைசி. செர்பியாவின் நிக்கோலா யோக்கிச் 2014-ல் 41-ஆவது; அவர் பெயர் வந்த நேரத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி டாக்கோ பெல் விளம்பரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் பிறகு மூன்று தடவை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2023-ல் டென்வருக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். விளம்பரத்தில் காட்டிய பண்டம் இப்போது யாருக்கும் நினைவில்லை.

ஆக, 52 என்ற எண்ணில் சாபம் எதுவும் இல்லை. நம் கதை வேறு பக்கம் நொண்டுகிறது. அதைப் பார்க்கப் பஞ்சாபுக்குப் போக வேண்டும்.

பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்று ஒரு சிற்றூர். கோதுமை வயல், ஒரு மாவு மில். மில்காரர் பல்பீர் சிங் பமாராவே ஏழடியைத் தாண்டியவர். இளவயதில் அவரைப் பார்த்த எல்லோரும் கூடைப்பந்து ஆடச் சொன்னார்கள். வீட்டார் விடவில்லை, வயலில் வேலை இருந்தது. 1995 டிசம்பர் 10-ல் மகன் பிறந்தான். பத்து வயதை நெருங்குவதற்குள் வாசற்படிகளோடு பகை வளர்க்க ஆரம்பித்துவிட்டான். அப்பா இந்த முறை வயலைக் காரணம் காட்டவில்லை. பையனை லூதியானாவுக்கு அனுப்பினார்.

லூதியானா அதுவரை ஸ்வெட்டருக்கும் சைக்கிளுக்கும் பேர்போன ஊர். குரு நானக் ஸ்டேடியத்தில் இயங்கிய கூடைப்பந்து அகாடமி மூன்றாவதாக ஒரு உற்பத்தியைச் சேர்த்தது: ஆறரை அடிக்கு மேற்பட்ட இளைஞர்கள். இந்தத் தொழிற்சாலையின் தலைமைக் கைவினைஞர் யார் என்று கேட்டால் தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்காரலாம். டாக்டர் சங்கரன் சுப்பிரமணியன். நம் ஊர்க்காரர். பனியிலும் வெயிலிலும் சமமாக வாட்டும் அந்த ஊரில் உட்கார்ந்து, பஞ்சாபிப் பிள்ளைகளுக்குத் தோளுக்கு மேலே இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் கால் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். ஜக்தீப் சிங், யத்விந்தர் சிங், அம்ஜோத் சிங், அம்ரித்பால் சிங் என்று இந்திய அணியின் பாதிப் பெயர்ப் பட்டியல் அந்த அகாடமியின் வருகைப் பதிவேடு மாதிரியே இருக்கும். சத்நாமும் அங்கேதான் பந்தைத் தரையில் தட்டக் கற்றான். காலுக்குச் செருப்பு கிடைப்பதே பெரிய பாடு. அந்த அளவில் உள்ளூரில் யாரும் தைப்பதில்லை.

சுப்பிரமணியன் 2013-ல் காலமாகிவிட்டார். புரூக்ளின் அறிவிப்பை அவர் கேட்கவில்லை. அன்றைக்கு வெளிவந்த வெற்றிச் செய்திகளில் ரிலையன்ஸ் இருந்தது, புளோரிடா இருந்தது, டல்லாஸின் அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபன் இருந்தார். லூதியானாவின் தமிழ் வாத்தியார் கடைசிப் பத்திக்கு ஒதுங்கினார்; பல பத்திரிகைகளில் அந்தக் கடைசிப் பத்தியையும் இடமில்லாமல் வெட்டியிருப்பார்கள். ஆசிரியர்களுக்கு நம் நாட்டில் இதுதான் வழக்கமான மரியாதை, இதற்காகப் புதிதாகக் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

2010-ல் கதைக்குள் பணம் நுழைகிறது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்போடு ஐஎம்ஜி-ரிலையன்ஸ் ஒப்பந்தம் போட்டது. உதவித்தொகை கொடுத்துச் சில பிள்ளைகளைப் புளோரிடாவின் பிராடென்டனில் இருக்கும் ஐஎம்ஜி அகாடமிக்கு அனுப்பினார்கள். பதினான்கு வயது சத்நாம் ஏழடி உயரத்தோடும், ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேசத் தெரியாத ஆங்கிலத்தோடும் விமானம் ஏறினான். அமெரிக்கப் பயிற்சியாளர் 'திரும்பு' என்றால் திரும்ப வேண்டும்; முதலில் அது 'திரும்பு' என்று தெரிய வேண்டும். ஐந்து வருஷம் அங்கே. நடுவில் 2011-ல், பதினைந்து வயதில், தேசிய சீனியர் அணிக்கும் ஆடினான். அந்த வயதில் நாமெல்லாம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்காகப் படிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தோம்.

அமெரிக்கப் பாதை எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளி முடித்துக் கல்லூரி அணி, அங்கே ஓரிரு வருஷம் அடிபட்டு மிதிபட்டு, பிறகு டிராஃப்ட். கல்லூரி ஆட்டத்துக்குக் கேட்கும் கல்வித் தகுதி சத்நாமுக்கு அமையவில்லை. அதனால் கல்லூரி, வெளிநாட்டு லீக், சிறு லீக் எதையும் மிதிக்காமல் நேரே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார். 2005-க்குப் பிறகு இப்படிப் பள்ளியிலிருந்து நேராக எடுக்கப்பட்ட முதல் ஆள் இவர்தான் என்று எல்லாப் பத்திரிகையும் பெருமையாக எழுதின. நிதானமாகப் படித்துப் பாருங்கள்: இதுவரை எங்குமே பெரிதாக ஆடாத ஒருவர் என்பதைத்தான் அவர்கள் சாதனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நீச்சல் பழகாமல் ஆழத்தில் குதித்தார் என்று கைதட்டினோம்.

இனி நேரத்தின் கொடுமை. அந்த டிராஃப்டுக்கு ஒன்பது நாள் முன்னால், ஜூன் 16-ல், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்பிஏ பட்டம் வென்றது. கிளீவ்லேண்டிடம் 2-1 என்று பின்தங்கியிருந்தபோது அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆண்ட்ரூ போகட் என்ற ஏழடி சென்டரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ஆறடி ஆறங்குல ஆண்ட்ரே இகுவடாலாவைத் தொடக்க ஐவரில் போட்டார்கள். தொடர்ந்து மூன்று வெற்றி, கோப்பை, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இகுவடாலாவுக்கே. அன்றிலிருந்து லீக் முழுக்க ஒரே மந்திரம்: நெட்டையர்கள் போதும், தூரத்திலிருந்து எறிகிறவர்கள் வேண்டும், ஓடுகிறவர்கள் வேண்டும், மூன்று புள்ளிக் கோடு வரை வந்து தடுக்கிறவர்கள் வேண்டும். கூடைக்கடியில் கம்பம்போல நின்று கையை உயர்த்தும் தொழில் வழக்கொழியத் தொடங்கிய அதே மாதத்தில், நூற்றுச் சொச்சம் கோடிப் பேர் கொண்ட நாடு வரலாறு காணாத ஒரு கம்பத்தை நட்டுவைத்து மாலை போட்டது. ஜாதகத்தை யாராவது முன்கூட்டியே பார்த்திருக்கலாம்.

டல்லாஸின் கோடைகாலமோ தனிக் கூத்து. அவர்களுக்கு உண்மையிலேயே ஒரு பெரிய ஆள் தேவைப்பட்டது. ஜூலை தொடக்கத்தில் கிளிப்பர்ஸின் டிஆண்ட்ரே ஜோர்டான் வருகிறேன் என்று வாய்வார்த்தை கொடுத்தார். சில நாளில் மனசு மாறினார். கிளிப்பர்ஸ் ஆட்கள் ஹூஸ்டனில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கதவுக்கு முட்டுக்கொடுத்த நாற்காலிப் படத்தை ட்விட்டரில் போட்டுக் கிண்டல் வேறு. நள்ளிரவு தாண்டி ஜோர்டான் பழைய அணிக்கே கையெழுத்துப் போட்டார். நிச்சயதார்த்தத் தட்டோடு வாசலில் நின்றது டல்லாஸ்.

அப்போது இந்தியப் பத்திரிகைகளில் ஒரு நம்பிக்கை முளைத்தது: இடம் காலி, நம்ம பையன் உள்ளே! டல்லாஸும் ஆள் தேடத்தான் செய்தது. தேடி, ஏழடி இரண்டங்குலக்காரர் ஒருவரை ஒப்பந்தம் செய்யவும் செய்தது. அவர் பெயர் சலா மெஜ்ரி. துனிசியாக்காரர், இருபத்தொன்பது வயது. எந்த டிராஃப்டிலும் யாரும் எடுக்காத ஆள். அவருக்கு இலையே போடவில்லை. சமையற்கட்டு வழியாக வந்தார். சத்நாமும் அதே ஏழடி இரண்டங்குலம், அதே அணி, அதே கோடைகாலம். வித்தியாசம், மெஜ்ரி ரியல் மாட்ரிட்டில் ஆடி, அந்த மே மாதம் யூரோலீக் கோப்பையைத் தூக்கிவிட்டு வந்திருந்தார். தொழில்முறை ஆட்டத்தில் முழங்கையால் எத்தனை முறை இடிவாங்கினால் ஒருவன் சென்டர் ஆகிறானோ அத்தனையும் வாங்கி முடித்தவர். டல்லாஸில் நான்கு சீசன் ஆடினார்.

மெஜ்ரியைப் பற்றி இந்தியாவில் யாரும் எழுதவில்லை. என் கணக்கில் சத்நாம் கதையின் சாவியே அவரிடம்தான் இருக்கிறது. நாம் அங்குலத்தை எண்ணினோம், ஜனத்தொகையை எண்ணினோம், ஆடிய நிமிடங்களை மட்டும் எண்ணவே இல்லை.

மேலே சொன்ன கடைசிப் பந்திக்காரர்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஜினோபிலி எடுக்கப்பட்டது 1999-ல். அமெரிக்கா போனது 2002-ல். இடையில் இத்தாலியில் ஆடிக் கோப்பைகளை அள்ளினார். கசோல் எடுக்கப்பட்ட பிறகும் ஒரு வருஷம் ஸ்பெயினிலேயே இருந்து அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பட்டத்தை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். யோக்கிச் பெல்கிரேடிலேயே இன்னொரு சீசன். தாமஸ் கல்லூரியில் மூன்று வருஷம். நாம் ஓயாமல் ஒப்பிட்ட சீனத்து யாவ் மிங்கூட வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஷாங்காய் ஷார்க்ஸ் அணியில் ஐந்து சீசன் ஆடி, 2002-ல் சீன லீக் பட்டத்தை வென்றுவிட்டுத்தான் முதல் ஆளாக ஹூஸ்டனுக்குப் போனார். எல்லோருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீக் இருந்தது. கடைசி இலையில் உட்காருகிறவன் வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்.

சத்நாமுக்கு டல்லாஸ் ஒப்பந்தம் கொடுக்கவில்லை. உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஊர் ஃபிரிஸ்கோவில் இருக்கும் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற அணிக்கு, என்பிஏவின் கீழ்நிலை லீக்கான டி-லீக்குக்கு, அனுப்பியது. பெயர்தான் லெஜண்ட்ஸ். அந்த 2015-16 சீசனில் என்பிஏவில் ஒரு புதுமுகத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,25,093 டாலர். டி-லீக்கில் மேல் வகுப்புக்கே சுமார் 25,000 டாலர். நம் ஐடி கம்பெனியில் ஆன்சைட் போன பையன் இதைக் கேட்டால் சிரிப்பான். இரண்டு சீசன் அங்கே. ஆடியதைவிட பெஞ்சில் இருந்தது அதிகம். ஆட்டம் வேகமாகிக்கொண்டே போனது. 130 கிலோவைச் சுமந்துகொண்டு அந்த வேகத்தில் இங்குமங்கும் ஓடுவது எவருக்கும் லேசல்ல. இதற்கிடையில், 2016-ல், அவரைப் பற்றிய ஆவணப்படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது: 'ஒன் இன் எ பில்லியன்'. படம் நன்றாகவே இருக்கும். என்ன, நாயகன் ஜெயித்து முடிப்பதற்கு முன்பே எடுத்து முடித்துவிட்டார்கள்.

இதே காலத்தில் நம் வீட்டு லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழியும் டல்லாஸ் தலையில் விழும். சத்நாம் புரூக்ளினில் தேர்வான 2015-ல், இந்தியாவில் கூடைப்பந்துக் கூட்டமைப்பு ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்குப் பெங்களூருவின் கே. கோவிந்தராஜ் தலைவர்; இன்னொன்றுக்கு பூனம் மகாஜன். அவர் காங்கிரஸ், இவர் பாஜக, பந்து நடுவில். யார் உண்மையான தலைவர் என்று உலகக் கூட்டமைப்பான ஃபிபா தீர்ப்புச் சொல்லவேண்டியதாயிற்று. ஃபிபா கோவிந்தராஜ் பக்கம் கை காட்டியது. உலகின் எந்த அணிக்கும் கிடைக்காத வாய்ப்பு நமக்கு: ஆள் கிடைப்பது ஒருவர், அவரை வாழ்த்தத் தலைவர்கள் இருவர்.

லீக்கும் ஒன்று முளைத்தது. யுபிஏ என்று பெயர், 2015-ல் தொடக்கம். பெங்களூரு பீஸ்ட், சென்னை ஸ்லாம், புணே பேஷ்வாஸ், ஹரியானா கோல்ட் என்று வீரம் சொட்டும் பெயர்கள். 2017-க்குப் பிறகு பீஸ்ட்டும் பேஷ்வாவும் போன இடம் தெரியவில்லை.

உண்மையில் இந்தியக் கூடைப்பந்துக்கு எப்போதிருந்தோ ஒரு டிராஃப்ட் உண்டு. அதற்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பு கிடையாது, மேடை கிடையாது. அதன் பெயர் விளையாட்டு ஒதுக்கீடு. சென்னையில் ஐஓபி எடுக்கும், ஐசிஎஃப் எடுக்கும். பெங்களூருவில் ராணுவத்தின் ஏஎஸ்சி எடுக்கும், விஜயா பேங்க் எடுக்கும். எடுத்ததும் தொப்பி மாட்டுவதில்லை, ஆர்டர் கொடுப்பார்கள். பிராவிடண்ட் ஃபண்ட், பஞ்சப்படி, மருத்துவப்படி, இரண்டு வருஷத்தில் உறுதிப்படுத்தல். அம்மாவுக்கு நிம்மதி, பெண் பார்ப்பவர்களுக்கும் நிம்மதி. என்பிஏவின் இரண்டாம் சுற்று இந்த அளவுக்கு உத்தரவாதம் தருமா என்றால் தராது. காலையில் கோர்ட், மதியம் கவுண்டர், மாலையில் மறுபடி கோர்ட். முப்பத்தைந்து வயதில் முட்டி போனாலும் மேனேஜர் ஆகலாம். 2019 ஏப்ரல் 1 அன்று, தேதியைக் கவனியுங்கள், விஜயா பேங்க்கை பேங்க் ஆஃப் பரோடாவோடு சேர்த்துவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் டிரேட் ஆகவில்லை; அணியே டிரேட் ஆகிவிட்டது. மைக்கேல் ஜோர்டானுக்குக்கூட இப்படி ஒன்று நடந்ததில்லை.

2017-ல் சத்நாம் திரும்பிவந்து தேசிய அணியோடு சேர்ந்தார். லெபனானில் ஆசியக் கோப்பை, 2018-ல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டு. இரண்டிலும் இந்தியாவுக்குக் காட்டிக்கொள்ள எதுவும் இல்லை. 2019 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் சொந்த மண் ஆட்டங்களைப் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா உள்ளரங்கில் நடத்தினோம். வெளியே ஆடியதிலும் உள்ளே ஆடியதிலும் பாரபட்சம் பார்க்காமல் ஆறு ஆட்டத்தையும் தோற்றோம்.

நியாயமாகச் சொன்னால் அந்தச் சமயத்தில் பெங்களூருவில் ஜெயித்தவர்களும் இருந்தார்கள். 2017 ஜூலையில் இதே நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவு இறுதியில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வீழ்த்தி மேல் பிரிவுக்கு ஏறினார்கள். இரண்டே புள்ளி வித்தியாசம், நெஞ்சு வெடிக்கும் முடிவு. அவர்களைப் பற்றி யாரும் நூறு கோடியில் ஒருத்தி என்று படம் எடுக்கவில்லை. ஏழடியில் ஒருத்தியும் இல்லையே, கேமராவை எங்கே தூக்குவது?

2018-ல் சத்நாம் கனடா போய் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணிக்கு ஒரு சீசன் ஆடினார். பர்னாலாவின் ஜூன் மாதத்தில் வளர்ந்த உடம்பை அட்லாண்டிக் பனியில் கொண்டுபோய் நிறுத்தியதும் ஒருவகை வளர்ச்சிப் பாதைதான். பிறகு பெங்களூரு.

2019 டிசம்பரில் நேபாளத்தில் தெற்காசிய விளையாட்டு. அதற்கான தேசிய முகாம் பெங்களூருவில். நம் நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, நாடா, அங்கே மாதிரி எடுத்தது. நவம்பர் 19-ல் தற்காலிகத் தடை. தான் தவறு செய்யவில்லை என்று சொல்லி விசாரணை கேட்டார் சத்நாம். விசாரணை முடிந்து 2020 டிசம்பரில் தீர்ப்பு: இரண்டு வருஷம் தடை, 2021 நவம்பர் 18 வரை.

பொருளின் பெயர் ஹைஜெனமைன். மூச்சுக்குழாயை விரிக்கும் வகையைச் சேர்ந்தது, உலகத் தடைப்பட்டியலில் 2017-லிருந்து இருக்கிறது. இது பல செடிகளில் இயற்கையாகவே உண்டு. தாமரையில் இருக்கிறது, சீத்தா மர வகையிலும் கண்டிருக்கிறார்கள். உடம்பு இளைக்க, பலம் ஏற என்று விற்கும் டப்பாக்கள் பலவற்றில் மூலிகைப் பெயரில் ஒளிந்துகொண்டு வரும். இதைச் சத்நாமுக்கு வக்கீலாகச் சொல்லவில்லை. அவர் வழக்கை விசாரித்தவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆனால் பத்து வருஷம் முன்னால் பிராடென்டனில் இந்தப் பையனின் தட்டில் விழும் ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கு வைக்க ஆள் இருந்தார்கள். நம் முகாம்களில் ஆட்டக்காரன் கடையில் வாங்கும் டப்பாவின் பின்பக்கத்து எழுத்தைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் இருப்பாரா என்று கேட்டால், இரண்டு கூட்டமைப்பையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்.

பெங்களூருவுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. சொந்த மண் ஆட்டங்களைத் தோற்றோமே, அந்த அரங்கின் பெயருக்குரிய ரணதீர கண்டீரவ நரசராஜ உடையார் மைசூரை ஆண்டது 1638 முதல் 1659 வரை. கன்னட நாட்டில் அவரைப் பற்றி வழங்கும் பெரிய கதை போர்க்கதை அல்ல, குஸ்திக் கதை. திருச்சிராப்பள்ளியில் ஒரு மல்லன் தன் தோல் காற்சட்டையை வாசலில் கட்டித் தொங்கவிட்டு, தோற்றால் இதன் கீழே குனிந்து போ என்று வருவோர் போவோரை எல்லாம் அவமானப்படுத்தினானாம். நரசராஜர் மாறுவேடத்தில் நம் திருச்சிக்கு வந்து அவனை ஒழித்துக்கட்டிவிட்டு, பரிசும் வாங்காமல் ஊர் திரும்பினாராம். அவர் உயரம் என்ன என்று எந்தக் கதையிலும் இல்லை. ஆனால் தன் பெயரை வைத்த கட்டடத்துக்குள் ஒரு ஏழடிக்காரனை விட்டு, ஓடு, குதி, தூரத்திலிருந்து எறி என்று ஆளாளுக்குக் கத்துவதைப் பார்த்திருந்தால் அந்த ராஜா ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருப்பார்: இவனை ஏன் கோதாவில் இறக்கவில்லை?

இறக்கினார்கள், அமெரிக்காவில். 2021 செப்டம்பரில், கூடைப்பந்துத் தடை இன்னும் முடியாதபோதே, டோனி கானின் ஏஇடபிள்யூ மல்யுத்த நிறுவனம் சத்நாமை ஒப்பந்தம் செய்தது. 2022 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ். அரங்கத்தில் விளக்கு அணைந்தது. விளக்கு எரிந்தபோது கோதாவில் சமோவா ஜோ என்ற பெருந்தலைக்கு எதிரே ஏழடி இரண்டங்குலம் நின்றது. ஜோவைப் பந்தாடிவிட்டார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு இவர் யார் என்றே தெரியவில்லை, புரூக்ளினிலும் அப்படித்தான்.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் வேறு வாசல்களைத் தட்டினார்கள். அம்ஜோத் சிங் 2017-ல் ஓக்லஹோமா சிட்டி புளூ அணியில். அம்ரித்பால் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸில். கிரேட்டர் நொய்டாவின் என்பிஏ அகாடமியில் தேறிய பிரின்ஸ்பால் சிங், 2021 கோடைகால லீக்கில் பட்டம் வென்ற சாக்ரமெண்டோ அணியில் இருந்தார். டிராஃப்ட் மேடையில் மட்டும் அவர்கள் யார் பெயரும் வாசிக்கப்படவில்லை.

சத்நாம் புதிதாகப் புகுந்த தொழிலில் உயரம் மட்டும் போதும் என்று சொன்னால் மல்யுத்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஆனால் அங்கே மூன்று புள்ளிக் கோடு கிடையாது, ஆறடிப் பையன்களைத் துரத்தச் சொல்லி யாரும் பெஞ்சிலிருந்து கத்துவதில்லை. இரண்டு கையாலும் ஒருத்தரைத் தூக்கி எறிந்தால் ரீபவுண்ட் எடுக்க ஓட வேண்டியதில்லை. எறிந்த ஆள் எழுந்து வந்தால் அது அடுத்த வாரத்து நிகழ்ச்சி. அதற்குத் தனிச் சம்பளம்.